குவீன்ஸில் ஒரு மாவட்டச் செயலாளர் தோற்ற கதை

அன்புள்ள ஐயா,

2018-இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், அதாவது எம்.பி. வேட்பாளர் யார் என்று கட்சியில் பதிந்த வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவுசெய்யும் தேர்தலில், அப்போதைய எம்.பி. ஜோ குரோலி, அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸிடம் தோற்றதைப் பற்றி நண்பர்களுக்குள் பேச்சு வந்தது. தொகுதியில் ஏறக்குறைய பாதிப்பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், தங்கள் பெண்ணுக்குப் போட்டுவிட்டார்கள், நம்மூர் சாதிக் கணக்குதான் என்கிறான் நண்பன். அவருடைய பிரசார வீடியோ ஒன்று வைரலானதால் வந்த வெற்றி என்பது என் வாதம். அத்தனை பெரிய தலைவர் எப்படித் தோற்றார்? அவரைத் தோற்கடித்தவரும் நாளைக்கு இன்னொரு குரோலி ஆகிவிட மாட்டாரா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

குரோலியின் பலம் என்று எல்லோரும் நம்பிய கட்சி அமைப்புதான் அவரைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன்.

பத்து முறை தொடர்ந்து எம்.பி. கீழவையில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் குழுவின் தலைவர். கீழவையில் கட்சியின் தலைவராக இருந்த நான்சி பெலோசிக்குப் பிறகு இவர்தான் என்று பேசப்பட்டவர். இவற்றைவிட முக்கியம், 2006 முதல் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதிக்குக் கட்சித் தலைவர். நம் கணக்கில் மாவட்டச் செயலாளர். கவுன்சிலர் பதவிக்கு யார் நிற்பது, யார் நீதிபதி ஆவது என்பதெல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றித்தான் முடிவாகும்.

அவர் வந்த வழியைப் பாருங்கள். 1998-இல் அந்தத் தொகுதியின் எம்.பி.யும் குவீன்ஸ் கட்சித் தலைவருமான தாமஸ் மேன்டன் மறுபடி போட்டியிட மனு கொடுத்திருந்தார். மனுத்தாக்கல் கெடு முடிந்த பிறகு விலகிக்கொண்டார். வேறு யாரும் உள்ளே வர வழியில்லை. காலியான இடத்துக்குக் கட்சிக் கமிட்டி குரோலியை நியமித்தது. கட்சிக்காரர்களிடம் ஓட்டுக் கேட்காமலே வேட்பாளர் ஆனார்.

அந்த அமைப்பின் கைத்திறனே இதுதான். உட்கட்சித் தேர்தலில் நிற்க, தொகுதியில் பதிவுசெய்த கட்சி வாக்காளர்கள் 1,250 பேரின் கையெழுத்து வேண்டும். எதிராக யாராவது கொண்டுவந்தால் கட்சியின் வழக்கறிஞர்கள் வரி வரியாகப் பார்ப்பார்கள். இவர் வேறு கட்சியில் பதிந்தவர், இவர் முகவரி தொகுதிக்கு வெளியே என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆள் அவுட். 2004-க்குப் பிறகு 14 ஆண்டுகள் குரோலியை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் யாரும் நிற்கவில்லை. எதிரியை வாசலிலேயே நிறுத்தப் பழகிய அமைப்புக்கு, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிற பழக்கம் விட்டுப்போயிற்று. ஒகாசியோ-கோர்டெஸ் தேவைக்குப் பல மடங்கு கையெழுத்தோடு வந்து நின்றபோது அவர்களிடம் வேறு ஆயுதம் இல்லை.

ஜூன் மாதம், தொகுதியின் இன்னொரு பகுதியான பிராங்க்ஸில் நடந்த விவாதக் கூட்டத்துக்குக் குரோலி போகவில்லை. தன் சார்பில் முன்னாள் கவுன்சிலர் அனபெல் பால்மாவை அனுப்பினார். 28 வயதுப் பெண், அதுவரை பாரில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தவர், மேடையில் உட்கார்ந்திருக்கிறார். எதிர் நாற்காலியில் எம்.பி. இல்லை, அவருடைய பிரதிநிதி. வாக்காளர்களை இப்படி அலட்சியம் செய்யலாமா என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே எழுதியது. எனக்கு அவர் வராமல் போனது கோபத்தைத்தான் தருகிறது. எதிராளியை மதிக்காதது இருக்கட்டும், கேள்வி கேட்க வந்த சனங்களுக்கு என்ன மரியாதை?

இனக் கணக்கு என்கிறார் உங்கள் நண்பர். அப்படியானால் ஒகாசியோ-கோர்டெஸின் ஓட்டு லத்தீன் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில்தான் குவிந்திருக்க வேண்டும். அவர் பலமாக முன்னணி பெற்றதோ அஸ்டோரியா போல, வாடகை ஏறிக்கொண்டே போகும், படித்த இளைஞர்கள் குடியேறிய இடங்களில். ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் வங்கதேசத்தவர்களுக்காக வங்காளியில் பேசியும் ஓட்டுக் கேட்டார். உங்கள் வீடியோ வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அது வந்தது மே மாதக் கடைசியில். தொண்டர்கள் மாதக்கணக்கில் கதவு தட்டியது அதற்கு முன்பே. அப்போது நியூயார்க்கில் கட்சிப் பதிவை மாற்றிக்கொள்ள முந்தின அக்டோபரே கெடுவாக இருந்தது. வீடியோ பார்த்துவிட்டுக் கட்சி மாறி வந்து யாரும் ஓட்டுப் போட்டிருக்க முடியாது.

ஏழு லட்சம் பேர் வாழும் தொகுதியில் அன்றைக்குப் பதிவானது 30,000-க்கும் குறைவான ஓட்டு. வித்தியாசம் சுமார் 4,000. மாநிலப் பதவிகளுக்கான உட்கட்சித் தேர்தலைச் செப்டம்பருக்குத் தனியாக வைத்திருந்ததால் ஜூனில் கூட்டம் இன்னும் குறைவு. கூட்டம் குறைந்தால் பதவியில் இருப்பவருக்கு லாபம் என்பது பழைய அனுபவம். அதே குறைவு, சில ஆயிரம் பேரைத் திரட்டினால் போதும் என்று எதிராளிக்கும் வழி திறந்துவிட்டது.

அந்தத் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனாலே நவம்பரில் ஜெயித்த மாதிரிதான். ஆகவே மக்கள் உண்மையாகத் தேர்ந்தெடுக்கும் நாள் உட்கட்சித் தேர்தல் நாள் ஒன்றே. அதை 14 வருடம் மூடி வைத்திருந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் கட்சிகளில் சீட்டு யாருக்கு என்று தலைமை அறிவிக்கிறது. சாதாரண உறுப்பினருக்கு அதில் ஓட்டே கிடையாது. அதனால் இந்த விஷயம் நமக்கு ஆழமாக உறைக்க வேண்டும்.

குரோலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முடிவு தெரிந்த இரவே தோல்வியை ஒப்புக்கொண்டார். கிதாரை எடுத்து, ஜெயித்த பெண்ணுக்கு என்று சொல்லி ஒரு பாட்டுப் பாடினார். அது பெருந்தன்மை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 2020-இல் ஒகாசியோ-கோர்டெஸை எதிர்த்து, சி.என்.பி.சி. தொலைக்காட்சியில் இருந்த மிஷேல் கருசோ-கப்ரேரா நல்ல பணபலத்தோடு உட்கட்சித் தேர்தலில் நின்றார். ஒகாசியோ-கோர்டெஸ் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். இன்னொரு குரோலி ஆவாரா மாட்டாரா என்பதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தொகுதிக்காரர்கள் சொல்லட்டும்.