தொட்டிக்குள் தகராறு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டடி மீன் தொட்டியில் டைகர் பார்ப் மூன்று, ஏஞ்சல் இரண்டு, கப்பி நான்கு, சக்கர் (கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் மீன்) ஒன்று விட்டிருந்தோம். ஏஞ்சலின் மீசை போன்ற துடுப்புகள் பாதியாகிவிட்டன. ஒரு கப்பி செத்துவிட்டது. எல்லாம் ஒன்றாக இருக்கும் என்றுதான் கடையில் சொன்னார்கள்.
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

கடிப்பது டைகர் பார்ப்தான். ஆனால் அதைக் கடிக்க வைப்பது 'மூன்று' என்ற எண்ணிக்கை. இது கூட்டத்தில் வாழும் மீன். எட்டு, பத்து இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு யார் பெரியவர் என்று முடிவு செய்துகொள்ளும். வெளியாள் பக்கம் அதிகம் வராது. மூன்றே இருந்தால் அந்தத் துரத்தல் முழுக்க, மெதுவாக நீந்தும் நீளத் துடுப்பு மீன்கள் மேல் இறங்கும். ஏஞ்சல், கப்பி இரண்டும் அந்த ரகம்.

இன்னும் ஐந்து பார்ப் வாங்கிவிட்டால் சரியாகுமா? ஆகாது. 24க்கு 12க்கு 12 அங்குலத் தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர் பிடிக்கும். கல், மணல் போக, மேலே இரண்டு விரல் இடம் விட்டால் 45 லிட்டர்தான் மிஞ்சும். அதில் எட்டு பார்ப் மட்டும் இருக்கலாம், கூட யாரும் வேண்டாம். ஏஞ்சலுக்கு 18 அங்குல உயரமாவது வேண்டும். வளர்ந்த ஏஞ்சல் சின்னக் கப்பியை விழுங்கும். இரண்டும் ஜோடி சேர்ந்தால் ஃபில்டர் குழாயில் முட்டையிட்டுக் காவல் இருந்து, மற்ற எல்லாவற்றையும் ஒரே மூலைக்குத் தள்ளிவிடும். சக்கர் ஓரடிக்கு மேல் வளரும். தீனி போதாவிட்டால் ராத்திரியில் ஏஞ்சலின் தட்டை உடம்பில் ஒட்டி வழவழப்பைச் சுரண்டவும் செய்யும். எங்கள் யோசனை: கப்பி மட்டும் இருக்கட்டும், மற்றவற்றைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். பார்ப்தான் பிடிக்கும் என்றால் பார்ப் மட்டும்.

அதுவரை தொட்டியின் குறுக்களவுக்கு வெட்டிய பிளாஸ்டிக் வலையை நிறுத்தி, அடியில் கல் வைத்து அழுத்தி, பார்ப்களை ஒரு பக்கம் அடையுங்கள். வலை என்பதால் தண்ணீர் ஓட்டம் தடைப்படாது. கடிபட்ட துடுப்பு அடிவரை போகாவிட்டால் தானே வளரும். ஒரு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். விளிம்பில் பஞ்சு மாதிரி வெள்ளை படிந்தால் பூஞ்சை. அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரைத்து விடுங்கள். சக்கர் இருக்கும் தொட்டியில் உப்பு போடாதீர்கள்.

கேள்வி: நீலக் கௌராமி ஒன்று ஒரு வருடமாக இருக்கிறது. புதிதாக எந்த மீனை விட்டாலும் மூலையில் ஒடுக்கிவிடுகிறது.
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

அதன் கணக்கில் தொட்டி முழுவதும் அதற்குச் சொந்தம். பலரும் அடிவாங்கும் மீனைப் பிடித்துத் தனியே வைப்பார்கள். வெளியேற வேண்டியது கௌராமிதான். 20 லிட்டர் வாளியில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு, மூடி, நான்கைந்து நாள் வையுங்கள். தினம் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். அதற்குள் கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். கௌராமி நடுத் தண்ணீரிலும் மேலேயும் உலவும் மீன். தரையில் ஒரு பானையைக் கவிழ்த்து வைத்தால் பயனில்லை. மேல்மட்டம் வரை எட்டும் செடியோ கட்டையோ வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தெரியாதபடி தொட்டியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

புது மீன் ஒன்றை மட்டும் விட்டால் முழு அடியும் அதற்கே. மூன்று, நான்கு சேர்த்து விடுங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் வேறு தொட்டியில் வைத்து நோய் பாருங்கள். சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு விடுவது நல்லது. அவை இடம் பிடித்த பிறகு கௌராமி திரும்பட்டும். இம்முறை அதுதான் புதுசு. தீனியை ஒரே சமயத்தில் இரண்டு ஓரங்களிலும் போடுங்கள்.

துரத்தும் மீனைவிட ஓடும் மீனைக் கவனிப்பதே முக்கியம். ஓடிவிட்டுத் திரும்பி வந்து சாப்பிட்டால் பயமில்லை. துடுப்பை மடக்கி, நிறம் மங்கி, செவுள் வேகமாக அடிக்க, மேல் மூலையிலேயே நின்று தீனியைத் தொடாமல் இருந்தால் காத்திருக்காமல் உடனே பிரித்துவிடுங்கள். முதுகுத் துடுப்பு நீண்டு கூராக இருப்பது ஆண் கௌராமி. இரண்டடியில் இரண்டு ஆண் ஒருபோதும் ஆகாது.

கேள்வி: மாதம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, கல்லையெல்லாம் கழுவிச் சுத்தமாக வைக்கிறோம். ஆனாலும் மறுநாளே மீன்கள் மிரண்டு போய், ஒன்றையொன்று முட்டுகின்றன.
– வாசகர், சூரமங்கலம்

அந்தச் சுத்தம்தான் சிக்கல். மீன் கழிவில் வரும் அமோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருக்கிறது. குழாயடியில் கழுவினால் குளோரின் பட்டுச் செத்துவிடும். பிறகு அமோனியா ஏறி செவுளை எரிக்கும். போதாக்குறைக்கு, எல்லை அடையாளங்கள் எல்லாம் இடம் மாறியிருப்பதால் முதலிலிருந்து சண்டை.

வாரம் ஒருமுறை 20 முதல் 25 சதவீதம் மட்டும் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர் என்றால், குளோரின் போக, அகன்ற வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் வையுங்கள், அல்லது பாட்டிலில் உள்ள அளவுப்படி ஆன்ட்டி குளோரின் விடுங்கள். ஒரு வாரம் மேட்டூர், மறுவாரம் போர் தண்ணீர் என்று மாற்றாதீர்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் திடீர் மாற்றத்தையே மீன் தாங்காது, பி.எச். (காரத்தன்மை) கூடினால் அதே அளவு அமோனியாவும் அதிக விஷமாகும். டெஸ்ட் கிட்டில் அமோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

கேள்வி: மார்கழியில் டெட்ரா, பிளாட்டி எல்லாம் தரையில் படுத்துக்கொள்கின்றன. 50 வாட் ஹீட்டர் போட்டும் பயனில்லை.
– வாசகி, ஏற்காடு

லிட்டருக்கு 1 வாட் என்பது சமவெளிக் கணக்கு. உங்கள் அறை 13 டிகிரிக்கு இறங்கும்போது தண்ணீரை 25ல் நிறுத்த வேண்டுமானால் லிட்டருக்கு 2 வாட் வேண்டும்: 50 லிட்டருக்கு 100 வாட். அல்லது 50 வாட்டில் இரண்டு; ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். மேலே கண்ணாடி மூடி, மூன்று பக்கமும் தெர்மாகோல். கரண்ட் போனால் கம்பளி போர்த்துங்கள், காற்றுக்கு இடுக்கு விட்டு. தண்ணீர் மாற்றும்முன் ஹீட்டரை அணைத்து கால் மணி நேரம் விடாவிட்டால் ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விடலாம். குளிரில் மந்தமான மீனால் துரத்துபவரிடமிருந்து ஓட முடியாது. வெள்ளைப் புள்ளி நோயும் இந்தச் சமயத்தில்தான் வரும். மலையில் ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப் கூட்டமாக வளர்ப்பது எளிது. இரண்டும் 18 டிகிரியைத் தாங்கும்.

கேள்வி: ஆண் கப்பி நான்கு, பெண் இரண்டு. பெண்கள் மெலிந்துகொண்டே போகின்றன.
– வாசகர், குகை, சேலம்

ஓயாத துரத்தல்தான் காரணம். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்று மாற்றுங்கள், அல்லது ஆண் மட்டும் வையுங்கள். மேலே மிதக்கும் செடி நிறையப் போடுங்கள்.

கேள்வி: சண்டை போடும் மீனைப் பக்கத்து ஏரியான மூக்கனேரியில் விட்டுவிடலாமா?
– வாசகர், கன்னங்குறிச்சி

கூடாது. தமிழக நீர்நிலைகளில் சக்கர் பெருகிப்போனதற்கு இப்படி விட்டதும் ஒரு காரணம். வாங்கிய கடையில் கேளுங்கள். பணம் தராவிட்டாலும் மீனைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.