ஜீனை வெட்டினா ரத்த நோய் போயிடுமா?

கேள்வி: சிக்கிள் செல் நோய்க்கு (சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை ரத்த நோய்) கிரிஸ்பர்னு ஒரு சிகிச்சை வந்திருக்காமே, கெட்டுப்போன ஜீனையே திருத்திடுவாங்களா? பிறக்கப்போற பிள்ளைக்கும் வராதா?

பதில்: வந்திருக்கு, பேரு கேஸ்ஜெவி, 2023 நவம்பர்ல பிரிட்டன் அனுமதி குடுத்துச்சு, அடுத்த மாசமே அமெரிக்காவும் குடுத்துடுச்சு. ஆனா கெட்டுப்போன ஜீனை இதுல தொடவே மாட்டாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான்! கருவுல இருக்கும்போது நமக்கெல்லாம் வேற ஒரு ஹீமோகுளோபின் ஓடும், பிறந்து சில மாசத்துல பிசிஎல்11ஏ-ங்கிற ஜீன் அதை அமுக்கி வச்சிடும். கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டுற கருவியை வச்சு, ரத்த அணுக்களை உண்டாக்குற ஸ்டெம் செல்லுல அந்த ஜீனோட ஸ்விட்ச்சை வெட்டி விட்டா பழைய ஹீமோகுளோபின் திரும்ப ஊற ஆரம்பிக்கும், சிவப்பணு அரிவாள் மாதிரி வளையறதும் அடிக்கடி வர்ற அந்த உயிர்போற வலியும் பெருமளவு குறைஞ்சிடும்.

ஏதோ ஊசி போட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சிடாதீங்க. உங்க ஸ்டெம் செல்லை எடுத்து லேப்ல வெட்டி சரிபார்க்கவே மாசக்கணக்கா ஆகும், அப்புறம் புசல்ஃபான்னு கடுமையான கீமோ குடுத்து எலும்பு மஜ்ஜையை காலி பண்ணிட்டுதான் திருப்பி ஏத்துவாங்க, அந்த கீமோவால குழந்தைப்பேறே பாதிக்கப்படலாம், அதையும் முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

பிள்ளைக்கு வராதான்னா, அதுக்கு இது உதவாது. மாத்துறது ரத்த செல்லை மட்டும்தான், கருமுட்டையிலயும் விந்தணுவுலயும் பழைய ஜீன் அப்படியேதான் இருக்கும்.