20 லட்சத்தை எப்படிப் பிரித்துப் போடுவது?

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 20 லட்சம் ரூபாய் இருக்கிறது. மாதம் 12,500 ரூபாய் வட்டி வந்தால் வீட்டுச் செலவுக்குப் போதும். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 8.2 சதவீதம், என் வங்கியில் எஃப்.டி.க்கு 6.6 சதவீதம். அவசரத்துக்கு எடுக்க வசதியாக, முடிந்தவரை வங்கியில் வைக்க ஆசை. பாதிப் பாதியாகப் பிரித்தால் வருடத்துக்கு 1,48,000தான் வருகிறது. தபாலில் 12, வங்கியில் 8 என்றால் 1,51,200. சரியாக எவ்வளவு போட வேண்டும்?
- ஓய்வுபெற்ற ஊழியர், கும்பகோணம்

பதில்: கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள் ஐயா. விடை 10க்கும் 12க்கும் நடுவில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். பள்ளியில் படித்த ஒருங்கமைச் சமன்பாடு போதும். தபாலில் போடும் லட்சங்களை 'த' என்றும், வங்கியில் போடுவதை 'வ' என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துக்கு வருடத்தில் தபாலில் 8,200, வங்கியில் 6,600. உங்களுக்கு வேண்டியது 1,50,000.

த + வ = 20
8,200 த + 6,600 வ = 1,50,000

முதல் வரியை 6,600ஆல் பெருக்கினால் 6,600 த + 6,600 வ = 1,32,000. இதை இரண்டாவது வரியிலிருந்து கழித்தால் 'வ' போய்விடும்; 1,600 த = 18,000 மிஞ்சும். த = 11.25. ஆக, தபாலில் 11,25,000, வங்கியில் 8,75,000. சரிபார்த்தால் 92,250 + 57,750 = 1,50,000.

பேனா இல்லாமலும் இதைப் போடலாம். மொத்தமும் வங்கியில் இருந்தால் 1,32,000 வரும், 18,000 குறையும். ஒரு லட்சத்தைத் தபாலுக்கு மாற்றினால் 1,600 கூடும். எத்தனை லட்சம் மாற்ற வேண்டும்? அவ்வளவுதான்.

ஆனால் இந்த விடையை அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன். சேமிப்புத் திட்டத்தில் கணக்கு தொடங்கிய நாளின் வட்டி 5 வருடத்துக்கு மாறாது. எஃப்.டி. அப்படியல்ல, அடுத்த முறை புதுப்பிக்கும்போது 6 சதவீதம்தான் என்று வங்கி சொல்லலாம். அப்போது 8,75,000க்கு 52,500தான் கிடைக்கும். வருடத்துக்கு 5,250 துண்டு விழும். சமன்பாட்டில் 6,600ஐ 6,000 ஆக்கிப் பாருங்கள், 'த' 13.6ஐத் தாண்டிவிடும். அதனால் தபாலில் 14, வங்கியில் 6 என்பதே என் யோசனை. இன்றைய வட்டிக்கு 1,54,400 வரும், எஃப்.டி. வட்டி 6 சதவீதத்துக்கு இறங்கினாலும் 1,50,800 உண்டு.

சேமிப்புத் திட்டப் பணத்தை இடையில் எடுப்பது நஷ்டம். முதல் வருடத்துக்குள் மூடினால் வட்டியே கிடையாது, கொடுத்த வட்டியையும் அசலில் கழித்துக்கொள்வார்கள். இரண்டாம் வருடத்தில் அசலில் 1.5 சதவீதமும் அதன்பிறகு 1 சதவீதமும் பிடிப்பார்கள். நீங்கள் முழுவதையும் அங்கே போடத் தயங்குவது சரியே.

இன்னொன்று, அந்தத் திட்டத்தில் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். எஃப்.டி.க்கும் அப்படியே கேளுங்கள். மாதா மாதம் கேட்டால் வங்கி கொஞ்சம் குறைத்துத்தான் தரும். அந்த 6 லட்சத்தையும் ஒரே ரசீதாகப் போடாமல் மூன்று 2 லட்சங்களாகப் போடுங்கள். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம்.