வேலையை விட்டுவிட்டு ஐ.டி. கோர்ஸில் சேரலாமா?

கேள்வி: வயது 38, சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். 2011 முதல் 2017 வரை சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தேன். அதன்பின் எட்டு ஆண்டுகளாக நாளிதழ் நிருபர். அடிப்படைச் சம்பளம் 20,000. கைக்கு வருவது 34,000. கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆர்டர் குறைந்த மாதங்களில் 15,000 தேறினாலே பெரிது. வீட்டுக்கடன் தவணையோடு மாதச் செலவு 42,000. எஃப்.டி. 3.6 லட்சம். ஐ.டி. காலத்து பி.எஃப். 5.1 லட்சம் அப்படியே கிடக்கிறது. வேலையை விட்டு, அந்த பி.எஃப். பணத்தை எடுத்து, 2.4 லட்ச ரூபாய் கோர்ஸில் சேரலாமா? மாதம் 11,500 வீதம் 24 தவணையாகவும் கட்டலாமாம்.

பதில்: ஐ.டி.க்குத் திரும்புங்கள். ஆனால் ஆஃபர் கடிதம் கைக்கு வரும்வரை இந்த வேலையை விடாதீர்கள்.

உங்கள் சம்பளம் நின்றால் மந்தமான மாதத்தில் 27,000 துண்டு விழும். கோர்ஸ் தவணையும் சேர்ந்தால் 38,500. எஃப்.டி. ஒன்பது மாதத்தில் காலி. தவணைக் கணக்கைப் பாருங்கள்: 24 மாதத்துக்கு 2.76 லட்சம், அதாவது 36,000 அதிகம். இப்படிப்பட்ட தவணை பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன்தான். கோர்ஸ் பிடிக்காமல் பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) அடிபடும்.

பி.எஃப். விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. 2024-25க்கான வட்டி 8.25 சதவீதம், 5.1 லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 42,000. அதைவிடப் பெரியது பி.எஃப். கணக்கோடு வரும் ஓய்வூதியத் திட்டத்தின் (இ.பி.எஸ்.) உரிமை. ஐ.டி.யில் ஆறு, பத்திரிகையில் எட்டு, இரண்டையும் சேர்த்தால் 14 ஆண்டு. பத்து ஆண்டு இருந்தாலே 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தோடு புதிதாகச் சேருபவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. நீங்கள் அதற்கு முன்பே உறுப்பினர் என்பதால் தொடர்கிறீர்கள். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துக் கணக்கை முடித்தால், அடுத்த ஐ.டி. வேலையில் புது ஆளாகத்தான் நுழைவீர்கள், கதவு மூடிவிடும்.

எனவே பழைய பி.எஃப். கணக்கை இப்போதைய பத்திரிகை வேலையின் பி.எஃப். கணக்கோடு இந்த மாதமே இணையுங்கள். முதலில் இரண்டும் ஒரே யு.ஏ.என்.-இல் (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) இருக்கின்றனவா, பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் இவற்றால்தான். மாற்றிய பிறகு பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கு பூஜ்யம் எனக் காட்டினால் பதற வேண்டாம். அங்கே பணம் மாறுவதில்லை, பணிக்காலம்தான் மாறுகிறது.

படிப்புக்கு 2.4 லட்சம் தேவையே இல்லை. எஸ்.கியூ.எல். (தரவுத்தள மொழி), போஸ்ட்மேன் வைத்து ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) டெஸ்டிங், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), செலினியம் அல்லது பிளேரைட் (தானியங்கி டெஸ்டிங் கருவிகள்): இவை அத்தனையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தினம் காலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். டெஸ்டிங்கை மட்டும் நம்பாமல், மென்பொருளுக்கு விளக்கம் எழுதும் டெக்னிக்கல் ரைட்டிங் பக்கமும் விண்ணப்பியுங்கள். விஷயம் தெரிந்தவரிடம் கேள்வி கேட்டு, தெரியாதவருக்குப் புரியும்படி எழுதுவது நீங்கள் எட்டு ஆண்டாகச் செய்யும் வேலை. ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும்; கூகுளின் இலவச டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் நல்ல தொடக்கம். ஏதாவது ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு நிறுவும் முறை, ஏ.பி.ஐ. விளக்கம், பிழைதிருத்தக் குறிப்பு என மூன்று மாதிரிகளை எழுதி கிட்ஹப் இணையதளத்தில் வையுங்கள். ரெஸ்யூமேயில் பத்திரிகை ஆண்டுகளை இடைவெளியாகக் காட்டாதீர்கள், அனுபவமாகவே எழுதுங்கள்.

ஆஃபர் வந்ததும் ஊரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெங்களூரில் கைக்கு 60,000 வந்து, தங்குமிடம், சாப்பாடு, வார இறுதி ரயில் என 24,000 போனால் மிச்சம் 36,000. ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐ.டி. பூங்காவிலோ வீட்டிலிருந்தபடியோ 42,000 கிடைத்தால் அதுவே மேல்.

விலகும்போது கிராஜுவிட்டி கேட்டு வாங்குங்கள்: அடிப்படைச் சம்பளம் 20,000 × 15 நாள் ÷ மாதத்துக்கு 26 வேலைநாள் × 8 ஆண்டு, சுமார் 92,300 ரூபாய். முதல் சம்பளம் வரும்வரை அது தாங்கும். அதே நிதியாண்டில் பத்திரிகையில் வாங்கிய சம்பள விவரத்தைப் புது எச்.ஆரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரு நிறுவனங்களும் 75,000 நிலையான கழிவைத் தனித்தனியே தந்து குறைவாக வரி பிடிக்கக்கூடும். இரண்டு சம்பளமும் சேர்ந்து வரி கட்டும் அளவுக்குப் போனால், ரிட்டர்ன் போடும்போது மீதியை மொத்தமாகக் கட்ட வேண்டிவரும்.