அம்மா பிறந்த லயமும் யானைக் காடும்: எட்டு நாளில் இலங்கை போய் வர

கேள்வி: நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 14 வயதில் தாத்தா பாட்டியோடு கப்பல் ஏறி வந்து, டான்டீயில் (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பிறந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். தோட்டத்தின் தமிழ்ப் பெயர் மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கிறது. என் பையன்கள் இரண்டு பேரும் யானை, சிறுத்தை, ரயில் என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். மே மாத லீவில் எட்டு நாள் போகலாமா? எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: மே வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிக்காரர்களுக்கு மே நல்ல மாதம், அதனால் அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் தலவாக்கலை, அட்டன், மஸ்கெலியா எல்லாம் மலையின் மேற்குப் பக்கம். நம் கணக்கில் சொன்னால் கூடலூர், தேவாலா மாதிரி. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து அடிக்கிற இடம், மே கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. பதுளை, பண்டாரவளைதான் கோத்தகிரி மாதிரி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து வடகிழக்கு மழைக்கு நனைகிற ஊர்கள். ஏப்ரலும் வேண்டாம். நுவரெலியாவுக்கு அதுதான் சீசன், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கொழும்பே மேலே ஏறி வந்துவிடும், ஊட்டியில் மே மாதம் ரூம் தேடுகிற கதைதான்.

என்னைக் கேட்டால் பொங்கல் லீவோடு பையன்களுக்கு இரண்டு மூன்று நாள் பள்ளியில் சொல்லிவிட்டு ஜனவரி நடுவில் போங்கள். மேற்குச் சரிவில் மழை குறைந்து வெயில் தெளிகிற நேரம். இரவில் குளிரும், நுவரெலியாவில் சில நாள் உறைபனிகூட விழும், அது உங்களுக்குப் புதிதல்ல. இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிய காரணம். தைப்பொங்கல் அங்கே அரசு விடுமுறை, கொழும்பில் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு வந்திருப்பார்கள், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆள் இருக்கும். அம்மாவின் குடும்பத்தை நினைவில் வைத்திருக்கிற யாராவது ஒருவரைப் பார்க்க வாய்ப்புள்ள நாட்கள் அவை.

சரி, தோட்டத்தின் பெயர். டிக்கெட் போடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது. தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசும் செய்த 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்களை இருபது வருஷமாக அழைத்துப் போகிறேன், பெரும்பாலும் எல்லார் வீட்டிலும் இதே சிக்கல்தான். தோட்டத்து ஆட்கள் சொன்ன பெயர் ஒன்று, கம்பெனிப் பலகையில் இருந்த இங்கிலீஷ் பெயர் வேறொன்று. ஓடையையோ பாறையையோ பழைய கங்காணி ஒருவரையோ வைத்து நம்மவர்கள் வைத்த பெயர் எந்த வரைபடத்திலும் வராது. அதோடு 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992க்குப் பிறகு மறுபடி கம்பெனிகள் கைக்குப் போனதில், தனித் தோட்டமாக இருந்தது இன்று வேறொரு தோட்டத்தின் ஒரு பிரிவாக இருக்கலாம்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். குடும்ப அட்டை, அந்தக் காலத்துப் பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, தாத்தாவின் சேமலாப நிதிக் (பி.எஃப்.) கடிதம், இதில் ஏதாவது ஒன்றில் இங்கிலீஷ் பெயர் கட்டாயம் இருக்கும். அதுவும் இல்லையென்றால் அங்கே தங்கிவிட்ட உறவினர் எழுதிய பழைய கடிதங்கள். கடிதத்தின் உள்ளே நலம் விசாரிப்பு மட்டும்தான் இருக்கும், உறையைப் பாருங்கள். அனுப்பியவர் முகவரியில் பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், தபால் நிலையம் மூன்றும் வரிசையாக வரும், முகவரி அழிந்திருந்தாலும் தபால் முத்திரையில் ஊர் பெயர் தெரியும். பென்சிலால் எழுதிய ஒரு நீலக் கடித உறையை வெயிலில் சாய்த்துப் பிடித்து, தபால் முத்திரையின் பாதி வட்டத்தை வைத்தே ஒரு குடும்பத்துக்கு ஊரைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

காகிதம் எதுவுமே இல்லையா, அம்மாவை உட்கார வைத்துக் கேளுங்கள், ஆனால் பெயரைக் கேட்காதீர்கள். ஸ்டோர் லயத்துக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா (தேயிலை ஃபேக்டரியை அவர் ஸ்டோர் என்றுதான் சொல்வார்), பிரட்டுக்களத்துக்கு (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம்) பக்கத்தில் என்ன கோயில், திருவிழாவுக்கு எந்த ஊருக்கு நடந்தார்கள், வாசலில் நின்றால் அருவி தெரிந்ததா, பெரிய கங்காணி பெயர் என்ன, இந்தியாவுக்குக் கிளம்பிய அன்று எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். தலவாக்கலைப் பக்கம் செயின்ட் கிளேர், டெவன் என்று இரண்டு பெரிய அருவிகள் பாதையிலிருந்தே தெரியும், எந்த அருவி எந்தப் பக்கம் தெரிந்தது என்று அம்மா சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சொல்வதைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே டிரைவரிடம் போட்டுக் காட்டலாம். ஒருமுறை இதைச் செய்யாமல் பெயரை மட்டும் நம்பி ஒரு பெரியவரைக் கூட்டிப் போனேன். அதே பெயரில் அடுத்த மலையில் வேறொரு பிரிவு இருந்திருக்கிறது. தப்பான லயத்தில் அரை நாள் நின்று, 'இது இல்லை, இது இல்லை' என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

பயண விஷயம் சுருக்கமாக. கோவை வழியாகத் திருச்சி போய் அங்கிருந்து கொழும்பு விமானம், பறப்பது ஒரு மணி நேரம்தான். அம்மா கப்பலில் போகலாமே என்று கேட்பார். அவர் வந்த தலைமன்னார் கப்பல் நின்று பல வருஷமாகிவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய கப்பல் இருக்கிறது, ஆனால் வடகிழக்குப் பருவக் கடலில் நின்றுவிடும், இறங்கினாலும் யாழ்ப்பாணத்திலிருந்து தலவாக்கலை வெகு தூரம், அந்த வயதுக்கு வேண்டாம். மின்விசாவை இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்திலேயே எடுங்கள், அதே மாதிரி முகப்போடு கூடுதல் காசு பிடுங்குகிற தளங்கள் நிறைய. அம்மா அங்கே பிறந்தவர் என்பதால் தனி விசா எதுவும் வேண்டியதில்லை, இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவே போதும்.

வண்டிக்கு நுவரெலியாவிலோ அட்டனிலோ இருக்கிற தமிழ் டிரைவரைப் பேசுங்கள். கொழும்பு டிரைவர் சுற்றுலா இடங்களை நன்றாகக் காட்டுவார், ஆனால் தோட்டத்து வழி கேட்க நம் ஆள்தான் வேண்டும், பாதி தேடல் அவர் தன் சொந்தக்காரருக்குப் போடுகிற ஒரு போனில் முடியும். முதல் இரவு கண்டி, அப்புறம் நான்கு இரவு நுவரெலியாவில் ஒரே ரூம், கடைசி இரண்டு இரவு உடவளவை, அங்கிருந்து தெற்கு அதிவேகப் பாதையில் கொழும்பு. சிகிரியா, காலி, மிரிஸ்ஸ திமிங்கிலம் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறேன். எல்லாமே நல்ல இடங்கள்தான், ஆனால் தினமும் பெட்டியைக் கட்டி இறக்கினால் நான்காம் நாள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும்.

ரயில் பையன்களுக்குப் பிடிக்கும். நம் ஊட்டி ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அங்கே பல்சக்கரமே இல்லை, அகலப் பாதையிலேயே மலை ஏறுகிறார்கள், அதனால்தான் அத்தனை வளைவு. தெமோதரையில் ரயில் ஒரு முழு வட்டம் அடித்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கே அடியில் சுரங்கத்தில் புகுந்து போகும். அதற்குப் பக்கத்தில்தான் 1921இல் இரும்பில்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்தில் பெரிய மண்சரிவுகளை உண்டாக்கி ரயில் பாதையையும் உடைத்துப் போட்டது, அதனால் எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று டிரைவரிடம் கேட்டுவிட்டே டிக்கெட் எடுங்கள். இருக்கை முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். கதவில் தொங்கிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்து உங்கள் பையன்களும் ஆசைப்படுவார்கள், விடவே விடாதீர்கள், பாதையை ஒட்டியே பாறையும் மரமும் வரும்.

இப்போது காடு. யாலவா உடவளவையா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் உடவளவை என்பேன். யாலவில் சிறுத்தை பிரபலம், ஆனால் ஒரு சிறுத்தை தெரிந்தால் முப்பது ஜீப் வந்து முட்டிக்கொண்டு நிற்கும், புழுதியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கும், அதன் பிறகும் சிறுத்தை கண்ணில் படும் என்று உறுதியில்லை. உடவளவை திறந்த புல்வெளி, நடுவில் ஏரி, வருஷம் முழுக்க யானை, பார்க்காமல் திரும்புவது அரிது. கரடிக்காகவும் யால போக வேண்டியதில்லை. அங்கே கரடி தாழ்நிலக் காட்டில்தான், பாலைப் பழம் பழுக்கிற ஜூன், ஜூலையில்தான் நன்றாக வெளியே வரும். கோத்தகிரித் தெருவிலேயே கரடியைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு குறையா என்ன! காட்டுமாடு இலங்கையில் கிடையாது, புலியும் கிடையாது, அந்தக் காட்டில் சிறுத்தைதான் ராஜா.

பையன்களிடம் ஒரு வேலை கொடுங்கள், ஆண் யானைகளில் எத்தனைக்குக் கொம்பு இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். முதுமலையில் பெரிய ஆண் என்றால் கொம்பன் என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். அங்கே பெரும்பாலான ஆண்களுக்குக் கொம்பே கிடையாது, நாம் மக்னா என்கிற மாதிரிதான் கூட்டம் முழுக்க. காலை ஆறு மணிக்கு வாசலில் இருங்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள், சார்க் நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. பக்கத்திலேயே 1995 முதல் நடக்கிற யானைக் குட்டிகள் இல்லம் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பார்கள், ஒவ்வொரு குட்டியாக ஓடி வந்து குழாயில் வாய் வைக்கும். தெப்பக்காடு மாதிரி முகாமில் வைத்துக்கொள்வதில்லை, வளர்ந்ததும் காட்டுக்கே விடுவார்கள். அதனால்தான் தள்ளி நின்று பார்க்க மட்டும் விடுகிறார்கள், தொட விடுவதில்லை. அதேபோல உடவளவைப் பாதையோர வேலியில் யானைகள் கை நீட்டி நிற்கும், பழம் விற்பவர்களும் நிற்பார்கள். தயவுசெய்து வாங்கிப் போடாதீர்கள். மசினகுடிப் பாதையில் தின்னப் பழகிய யானைக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அங்கேயும் அதேதான்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் பையன்களும் அப்பாவும் மட்டும் போகட்டும். ஒன்பது கிலோமீட்டர் வட்டம், மூன்று நான்கு மணி நேர நடை. உலக முடிவு என்கிற விளிம்பில் நின்றால் சுமார் 880 மீட்டர் கீழே, ஆனால் ஒன்பதரை மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும், நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அவலாஞ்சி மாதிரியே புல்வெளியும் சோலையும், கடமான் பக்கத்திலேயே மேயும். வாசலில் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொள்வார்கள், நமக்குப் பழக்கம்தான். அந்த நேரம் அம்மாவை நீங்கள் சீதை அம்மன் கோயிலுக்கும் பக்கத்து ஹக்கலைத் தோட்டத்துக்கும் மெதுவாக அழைத்துப் போகலாம். 1861இல் மலேரியா மருந்துக்கான கொயினா மரம் வளர்க்கத் தொடங்கிய தோட்டம் அது, நம் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்ட அதே மரம், அதே காலம்.

அப்புறம், தோட்டத்துக்குப் போகிற நாள். முதலில் ஒரு வேலை நாளில் தோட்ட ஆபீசுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள், கம்பெனி நிலம் அது. அம்மா பிறந்த இடம் என்று சொன்னால் மறுத்த துரையை, அதாவது தோட்ட மேனேஜரை, நான் பார்த்ததில்லை, ஸ்டோரையும் காட்டச் சொல்லிப் பாருங்கள், கோத்தகிரி ஃபேக்டரிகளில் பெரும்பாலும் இலையை நசுக்கிக் கிழித்துக் குருணையாக்குகிற சிடிசி முறை, அங்கே இலையை உருட்டிச் சுருட்டுகிற பழைய முறை, அம்மாவுக்கு அந்த வாசனையே அடையாளம் தெரியும். லயத்துக்கு விடுமுறை நாளில் போங்கள். கையில் ஊட்டி வர்க்கியும் நாலைந்து பாட்டில் யூகலிப்டஸ் தைலமும் எடுத்துப் போங்கள். பிள்ளைகளை நிறுத்திக் காசு கொடுப்பது, கேட்காமல் வீட்டுக்குள் படம் எடுப்பது வேண்டாம், அது நம் சொந்தக்காரர் வீடு. டிட்வாவில் பலர் லயத்தையே இழந்திருக்கிறார்கள், அந்தப் பேச்சு வந்தால் உட்கார்ந்து கேளுங்கள்.

ஊர் மாறியிருக்கும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். தலவாக்கலையில் 2012இல் மேல் கொத்மலை அணை வந்துவிட்டது, அவர் பார்த்த செயின்ட் கிளேர் அருவியில் அத்தனை தண்ணீர் இருக்காது. லயம் இடிந்திருக்கலாம், கூரை மாறியிருக்கலாம், வாசலில் நின்றும் அவருக்குப் பிடிபடாமல் போகலாம். அப்போது பீலியைக் காட்டச் சொல்லுங்கள். மலையிலிருந்து வருகிற தண்ணீர் விழுகிற பீலி அநேகமாக இடம் மாறுவதில்லை. அந்தத் தப்பான லயத்துக்குப் போன பெரியவரை மறுநாள் சரியான இடத்துக்குக் கூட்டிப் போனபோது அவருக்கு எதுவும் தெரியவில்லை, பீலிக்கரைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிந்த கல்லில் காலை வைத்துப் பார்த்தார், பிறகு அங்கிருந்து எண்ணி நாலாவது காம்பிராவை, லயத்தின் அந்த ஓர் அறை வீட்டை, கை காட்டினார்.

மண்ணோ தேயிலைக் கன்றோ எடுத்து வர அம்மா ஆசைப்படுவார், விமான நிலையத்தில் விடமாட்டார்கள், நோய் பரவும் என்பதால் அது சரியான விதிதான். அன்று வேறு எந்த இடமும் வைக்காதீர்கள், மறுநாள் காலையையும் காலியாக விடுங்கள். இன்னொரு தடவை போய் வரலாமா என்று அவர் கேட்பார்.