'யூஜுவலி' என்றே வருகிறது, என்ன செய்வது?

'வழக்கமாக' என்ற பொருளில் வரும் 'usually' என்ற ஆங்கிலச் சொல்லை நீங்கள் 'யூஜுவலி' என்பதாகவும், திருத்த முயன்றால் 'யூசுவலி' ஆகிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சிக்கல் நடுவில் உள்ள ஒரே ஒலியில்தான். அதற்குத் தமிழில் எழுத்து கிடையாது. ஆங்கிலத்தில் நம் ழகரத்தை எழுதும் 'zh' என்ற இரண்டு எழுத்துகளையே அகராதிகள் சில இந்த ஒலிக்கும் போடுகின்றன; அதைப் பார்த்து நாக்கை மடித்துவிடாதீர்கள்.

தொண்டையில் விரல் வைத்து 'ஷ்ஷ்ஷ்' என்று நீட்டுங்கள். அதிர்வு இருக்காது. நாக்கையும் உதட்டையும் அசைக்காமல், மூச்சை நிறுத்தாமல், குரலை மட்டும் சேருங்கள். விரலில் அதிர்வு தெரிந்தால் அதுதான் அந்த ஒலி. ஐந்து விநாடி இடைவிடாமல் நீட்ட முடிய வேண்டும். முடியாமல் சட்டென்று வெடித்து நின்றால் நாக்கு அண்ணத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். 'ஜ' பிறப்பது அப்படித்தான். நாக்கைச் சற்றே கீழிறக்குங்கள். 'ச' வந்தால் நாக்கு பல்லுக்கு மிக அருகில் போயிருக்கிறது, கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள்.

'டெலிவிஷன்', 'மெஷர்', 'கேஷுவல்' மூன்றிலும் இதே ஒலிதான். முதலில் அவற்றில் பழகுங்கள்.

பிறகு முழுச் சொல். அழுத்தம் 'யூ'வில் மட்டும். 'வ'வை உதடு கடித்துச் சொல்லாதீர்கள், அங்கே வகரமே இல்லை. வேகப் பேச்சில் அது 'யூ-ஷ-லி' என மூன்று அசையாகச் சுருங்கும் (ஷவில் குரல் சேர்த்து). அதுவும் சரியான உச்சரிப்பே, உங்களுக்கு அதுதான் எளிது. எழுத்தில் இரண்டு லகரம் இருந்தாலும் ஒலிப்பது ஒன்றுதான்.