யா கோணம் தானாக நகர்வது சென்சார் பழுதல்ல

நண்பரே, வேறு சென்சார் வாங்க அவசரப்படாதீர்கள். ரோபோவை மேசையில் அசையாமல் வைத்தாலும் சுழற்சியையும் முடுக்கத்தையும் அளக்கும் எம்பியூ-6050 சிப் காட்டும் யா கோணம் (இடவலமாகத் திரும்பும் கோணம்) நிமிடத்துக்கு 10 டிகிரி ஓடுகிறது, பிட்ச்சும் (முன்பின் சாய்வு) ரோலும் (பக்கச் சாய்வு) சரியாக நிற்கின்றன என்கிறீர்கள். அது இயல்புதான்.

அந்தச் சிப்புக்குள் நுண்ணிய சிலிக்கான் துண்டுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. சிப் சுழலும்போது கோரியோலிஸ் விசை அவற்றைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த இம்மியளவு நகர்வை மின்தேக்குத்திறன் மாற்றமாக அளக்கிறார்கள். உருவாக்கத்தில் வரும் சிறு வேறுபாட்டால், சுழலாதபோதும் கொஞ்சம் சுழற்சி மதிப்பு வரும்; அது கூடிக்கூடிக் கோணத்தை நகர்த்தும். தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டே (விவரத்தாள்) வினாடிக்கு ±20 டிகிரி வரை அனுமதிக்கிறது! உங்களுடையது வினாடிக்கு 0.17 டிகிரிதான், வினாடிக்கு ±250 டிகிரி வரம்பில் சிப் தரும் மூல எண்ணில் வெறும் 22.

பிட்ச், ரோல் பிழையை அதே சிப்பில் உள்ள முடுக்கமானி புவியீர்ப்பைப் பார்த்துத் திருத்திவிடுகிறது. யா சுழற்சி செங்குத்து அச்சில் நடப்பதால் புவியீர்ப்பு துளியும் உதவாது.

முதலில் சிப் சூடேற ஓரிரு நிமிடம் விடுங்கள், ஏனென்றால் வெப்பத்தோடு இந்தப் பிழையும் மாறும். அப்புறம் ரோபோவைத் தொடாமல் 2000 அளவீடுகள் எடுத்து, சராசரியை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழியுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இதைச் செய்வது நல்லது. நகர்வு வெகுவாகக் குறையும், ஆனால் முழுதாக நிற்காது. மணிக்கணக்கில் திசை மாறாமல் வேண்டுமென்றால், பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை காட்டும் காந்தமானி சேர்த்தே ஆகவேண்டும். அதை மோட்டாரிலிருந்து தள்ளி வையுங்கள்.